காணாமலாக்கப்பட்டோரும் நமது கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

ஒரு வீட்டில் மௌத் நிகழ்ந்தால் செய்ய வேண்டியவை நம் அனைவருக்கும் தெரியும். குளிப்பாட்டிக் கஃபனிடுகிறோம், தொழவைத்து அடக்கம் செய்கிறோம். மனைவி இத்தா இருக்கிறாள். சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஆனால், சீருடை அணிந்தவர்கள் வந்து, "விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்" என்று ஒருவரை அழைத்துச் சென்று, பிறகு "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை" என்று கூறிவிட்டால், அந்த வீட்டின் நிலை என்ன? அங்கே ஜனாஸா இல்லை, இத்தாவுக்குத் தொடக்க நாள் இல்லை, பங்கீடும் இல்லை. இதனையே 'வலிந்து காணாமலாக்கப்படுதல்' என்று இன்றைய உலகம் குறிப்பிடுகிறது.

அண்டை நாடான இலங்கையில் இந்நிலையில் உள்ள குடும்பங்கள் பல்லாயிரம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனவர்களாகப் பதிவாகியுள்ளனர். அக்குடும்பங்கள் ஏன் ஜெனீவா வரை சென்று முறையிடுகின்றன? "வீட்டு விவகாரத்தை வெளியே கொண்டுபோகலாமா?" என்று சிலர் கேட்பது சரிதானா? இதுபற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மஃப்கூத்: நம் முன்னோர் கண்ட தீர்வு

உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று அறிய முடியாதவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்று அழைக்கின்றன. அவர் உயிருள்ளவர் என்றே கருதப்படுவார். அவரது சொத்து பங்கிடப்படாது. ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாட்டின்படி, அவருடைய வயதையொத்தவர்கள் இறக்கும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றிய மாலிக்கி மத்ஹபோ, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, அதன்பின் நான்கு மாதம் பத்து நாட்கள் இத்தா இருக்குமாறு கூறியது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அந்த நான்கு ஆண்டுத் தவணை, காணாமற்போன நாளிலிருந்து தானாக ஓடத் தொடங்குவதில்லை. காழி முதலில் விசாரிக்க வேண்டும். அவர் இருக்கக்கூடிய ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதித் தேட வேண்டும். தேடியும் தகவல் இல்லை என்றான பிறகே தவணை தொடங்கும். விசாரணை முதலில், தீர்ப்பு பிறகு.

நமது நாட்டில் கணவன் காணாமற்போய்த் தவித்த பெண்களுக்காக மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் என்ன செய்தார்கள்? கடல் கடந்து மதீனாவின் மாலிக்கி உலமாக்களுக்கு எழுதி ஃபத்வாக்களைப் பெற்றார்கள். அம்முயற்சியும் துணைநின்று, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. நான்கு ஆண்டுகளாகக் கணவனின் இருப்பிடம் தெரியாத பெண் நீதிமன்றத்தின் வழியே மணவிலக்குப் பெற அச்சட்டம் வழி திறந்தது. உள்ளூரில் வழி அடைபட்டபோது வெளியூரில் கேட்பது மார்க்க அறிஞர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மூன்று சமூகங்களின் கண்ணீர்

இலங்கையில் இத்துயர் ஒரு சமூகத்திற்கு மட்டும் உரியதன்று. 1980களின் இறுதியில், ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்கிய காலத்தில், தெற்கே சிங்கள இளைஞர்கள் ஆயிரமாயிரமாய்க் காணாமற்போயினர். 1990 ஜூலையில், ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்கள் உட்பட, காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப்புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டனர். உடல்கள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. புதைகுழியைத் தோண்டித் தருமாறு அவர்கள் பல்லாண்டுகள் மன்றாட நேர்ந்தது. 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்த தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்படுவதை உறவினர்கள் கண்ணால் கண்டார்கள். அவர்களில் பலர் பிறகு திரும்பவே இல்லை.

தெற்கின் அன்னையரது முறையீடுகளையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு 1990 செப்டம்பரில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் காவல்துறையினர் அவற்றைப் பறிமுதல் செய்தனர். அவர்தாம் மகிந்த ராஜபக்ச. 2005இல் அவரே நாட்டின் அதிபரானார். 2009க்குப் பிறகு வடக்கின் அன்னையர் அதே ஜெனீவாவின் கதவைத் தட்டியபோது, அது இறையாண்மையில் தலையிடுவது என்று அவருடைய அரசு எதிர்த்தது. முறையீடு மாறவில்லை, அமர்ந்திருந்த நாற்காலிதான் மாறியது.

ஜெனீவாவில் என்ன இருக்கிறது?

அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியின்போது, 1977 முதல் தம் பிள்ளைகளைத் தேடி அன்னையர் தலைநகரின் சதுக்கத்தில் கூடினர். அவர்களைப் போன்றோரின் முறையீடுகள் உலகின் மனசாட்சியை உலுக்கியதன் விளைவாக, 1980இல் ஐ.நா.வில் இதற்கென ஒரு செயற்குழு அமைக்கப்பட்டது. அதனிடம் படையும் இல்லை, சிறையும் இல்லை. குடும்பத்தினரின் மனுவைப் பெற்று, "இவர் எங்கே?" என்று அரசிடம் எழுதிக் கேட்பதே அதன் வேலை. பெயர், தேதி, இடம், யார் கொண்டு சென்றார்கள், குடும்பம் எங்கெல்லாம் தேடியது என்ற விவரங்களே அதற்கு வேண்டும். விடை கிடைக்கும்வரை அந்தக் கோப்பு மூடப்படுவதில்லை. இலங்கையைப் பற்றி மட்டும் 6,000க்கும் மேற்பட்ட கோப்புகள் இவ்வாறு திறந்தே கிடக்கின்றன.

சகோதரர்களே! காழி எழுத மறுத்த விசாரணைக் கடிதத்தையே இக்குழு எழுதுகிறது. அதனைக் கேட்பது நாட்டுத் துரோகம் ஆகுமா?

சட்டையும் சான்றிதழும்

யஃகூப் (அலை) அவர்களிடம் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து, மகன் இறந்துவிட்டார் என்றார்கள். அதனை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். அந்தப் பொறுமை தேடுவதைக் கைவிடும் பொறுமையாக இருக்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின்னும், அயல்நாட்டுக்குச் சென்று யூசுஃபைப் பற்றி விசாரியுங்கள் என்றே தம் மக்களை அனுப்பினார்கள்.

விசாரணையின்றி நீட்டப்படும் மரணச் சான்றிதழை இலங்கையின் அன்னையர் மறுப்பதும் இதனாலேயே. 'காணவில்லை' என்று மட்டும் பதிவு செய்யும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடமளித்தது. மஃப்கூதின் நிலையைச் சட்டமே ஒப்புக்கொண்டது நல்லதே. எனினும் 2022இல் குடும்பத்திற்கு 1,00,000 ரூபாய் வழங்க அரசு முடிவு செய்தபோது, "பணம் வேண்டாம், பதில் வேண்டும்" என்பதே பலருடைய மறுமொழியாக இருந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பெற்றோரில் பலர் பதிலைக் காணாமலே இறந்துபோயினர்.

இவர்கள் முயற்சி முற்றிலும் வீண்போகவும் இல்லை. இலங்கை 2016இல் காணாமலாக்குதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது. சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வழிவகுத்தது. 2025இல் செம்மணியில் மனித எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டபோது, ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையரே நேரில் சென்று பார்த்தார். 2007இல் அதே உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நமது நாடு இன்னும் அதனை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

நமது ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு உண்டு. மௌத் பதிவேடு உண்டு. காணாமற்போனோருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். கண்டவர்களின் சாட்சியம் சூடு ஆறுமுன் எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட வேண்டும். ஜெனீவா ஆனாலும் உள்ளூர் நீதிமன்றம் ஆனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அடுத்து, கணவன் காணாமற்போன பெண்ணை விதவை என்றோ வாழாவெட்டி என்றோ நம் நாவு முடிவு கட்டக் கூடாது. அவளுக்குரிய சட்ட வழியை ஜமாஅத் எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, காணாமலாக்கியவர் யாராக இருந்தாலும், காணாமற்போனவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், சாட்சியத்தை மறைக்காதிருக்க வேண்டும். தன்னவர் செய்த கொடுமையைக் கண்டு வாய்மூடியவர், தன் பிள்ளைக்காக நியாயம் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறார்.

தேடுவோருக்கு வல்ல நாயன் விடையளிப்பானாக! சாட்சியம் சொல்லும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.