இணையக் கடையை வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(தோட்ட மாதர் சங்கம், இளைஞர் கழகம், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் மூன்றும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து, அடுப்படி வேலையையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மாதர் சங்கம் தைக்கிற துணிப் பை, இளைஞர் கழகம் அச்சடிக்க நினைக்கிற ரீசேர்ட், தொப்பி, தேத்தண்ணிக் கோப்பை, இவற்றில் தோட்டத்தின் பேரையும் கம்பனியின் சின்னத்தையும் போட்டு இணையத்தில் விற்கலாம் என்று சில மாதமாகப் பேசி வருகிறோம். கம்பனியும் சம்மதம் தருகிற யோசனையில்தான் இருக்குது. எந்தக் கடையில் விற்பது என்பதுதான் இப்போ கேள்வி. டவுனில் இருந்து ஒருவர் வந்து, "முழுக்காசையும் கட்டுங்க, எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல முன்னால் நமக்கு விஷயம் விளங்கணும்.

முதலில் பேரின் அருமை. பெரட்டுக்குப் போய், செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பேர் விழாவிட்டால் மலையில் எவ்வளவு பாடுபட்டாலும் கணக்கில் வராது. வியாபாரமும் அப்படித்தான். 1890ல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் டம்பேதன்ன தோட்டம் அதில் ஒன்று. அந்தக் காலத்தில் சீமைக் கடைகளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். லிப்டன் அதைச் சின்னச் சின்னப் பைக்கற்றில் அடைத்து, தன் பேரைப் போட்டு விற்றார். கொழுந்து நம்மவர் பறித்தது. உலகத்துக்குத் தெரிந்த பேர் அவருடையது. பிற்காலத்தில் நமது நாட்டவர் மெரில் பெர்னாண்டோ, டில்ஹான், மலிக் என்ற தன் இரண்டு மகன்மாரின் பேரைச் சேர்த்து டில்மா என்று வைத்து, இங்கேயே பொதி செய்து வெளிநாடுகளில் விற்றுக் காட்டினார். பேர் யார் கையில் இருக்குதோ, அவர் கைக்குத்தான் இலாபம் வரும்.

ஆகவே நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். கடை வாடகைக் கடையாக இருக்கலாம். பேர், வாங்குகிறவர்களின் விபரம், காசு ஆகிய மூன்றும் நமது சங்கத்தின் கையில் இருக்கணும்.

இணையத்தில் விற்க மூன்று வழி இருக்குது.

முதலாவது வாடகைக் கடை. கட்டிடம், இறாக்கை, பூட்டு, காசுப் பெட்டி எல்லாம் அவர்களுடையது. நாம் சாமானை அடுக்கி, பேர்ப்பலகையைப் போட்டு, மாதாமாதம் வாடகை கட்டுவோம். இதில் பேர் போனது ஷொப்பிஃபை. கனடாவில் ஒட்டாவா நகரில் 2004ல் பனிச்சறுக்குப் பலகை விற்க இணையக் கடை திறந்த சிலர், அதற்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2006ல் அதை மற்றவர்களுக்கும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது சந்தை. ஹட்டன் சந்தையில் ஒரு மூலையில் சாக்கு விரித்து விற்கிற மாதிரி. டராஸ் இந்த வகை. 2018ல் சீனாவின் அலிபாபா கம்பனி அதை வாங்கியது. இங்கே விற்ற சாமானுக்குத் தரகு கழிப்பார்கள். சனம் தானாக வரும். ஆனால் வருகிற சனம் சந்தைக்காரரின் சனம், நம்முடையது அல்ல. பக்கத்து இறாக்கையிலேயே நம்மைவிட மலிவான பையும் தொங்கும்.

மூன்றாவது, ஓடர் வந்த பிறகு அச்சடித்து அனுப்புகிற முறை. அமெரிக்காவில் 1999ல் தொடங்கிய கஃபேபிரஸ் இந்த வகைதான். நாம் சின்னத்தின் படத்தை மட்டும் கொடுப்போம். ஒருவர் கோப்பை கேட்டால் அவர்களே அச்சடித்து, அவர்களே அனுப்பி, நமக்கு ஒரு பங்கு தருவார்கள். சாமான் வாங்கி அடுக்கி வைக்கத் தேவையில்லை, நட்டப் பயமும் குறைவு. ஒரு பெரிய கம்பனிக்கு அது சரிதான். ஆனால் நமது பெண்களின் தையல் மெசினுக்கு அதில் வேலையே இல்லை. சின்னம் நமது தோட்டத்தினுடையது, கூலி இன்னொரு நாட்டுக்கு. அதனால் நமக்கு முதல் இரண்டும்தான் பொருந்தும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் சொல்கிற தொகை எல்லாம் உதாரணத்துக்கு. ஒரு பை 1,500 ரூபா என்று வைப்போம். துணி, நூல், ஜிப், அச்சு எல்லாம் 650. தைத்தவருக்குக் கூலி 350. மிச்சம் 500. அனுப்புகிற செலவை வாங்குகிறவர் தருவார், பொதி கட்ட நமக்கு 75 போகும்.

வாடகைக் கடையில், கார்ட் மூலம் காசு வாங்கித் தருகிறவருக்கு 3 வீதம், அதாவது 45 ரூபா. வெளியார் மூலம் காசு வாங்கினால் கடைக்காரரும் தனியாகக் கழிப்பார். ஷொப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்தில் அது 2 வீதம், 30 ரூபா. கடைசியில் ஒரு பைக்கு 350 மிஞ்சும். மாத வாடகை 30 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்றால் 9,000. 26 பை விற்ற பிறகுதான் வாடகையே தேறும். அதுவரை சும்மா உழைப்புத்தான்.

சந்தையில் எல்லாக் கழிவும் சேர்த்து 10 வீதம் என்று வைத்தால் 150 ரூபா போகும். மிஞ்சுவது 275. ஆனால் முதல் பையிலிருந்தே மிஞ்சும். மாதம் 10 பை விற்றால் சந்தையில் 2,750 ரூபா இலாபம், வாடகைக் கடையில் 5,500 ரூபா நட்டம். மாதம் 120 பையில்தான் இரண்டும் சமமாக வரும். அதற்கு மேலே போனால் வாடகைக் கடை நல்லது. நமது பெண்கள் மாதம் எத்தனை பை தைக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

இன்னொன்று, வாடகை டொலரிலா ரூபாவிலா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 30 டொலர் வாடகை 6,000 ரூபாவிலிருந்து 10,800 ஆகியிருக்கும். ரூபாவில் வாடகை வாங்குகிற உள்ளூர்க் கம்பனிகளும் இருக்கு. அவர்களிடமும் விலை கேட்கணும்.

கணக்கு இப்படி. இனி, எந்தக் கடைக்காரரிடமும் காசு கட்ட முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலாவது: காசு எந்த வழியாக, எத்தனை நாளில், யார் கணக்குக்கு வரும்? வெளிநாட்டுச் சேவைகள் சில, நம்மைக் காசு அனுப்ப விடும், பெற விடாது. பேபால் இலங்கையருக்குப் பல வருஷமாக அப்படித்தான் இருந்தது. அதனால் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற நமது நாட்டுச் சேவையை அந்தக் கடையில் இணைக்க முடியுமா என்று கேளுங்க. காசு வந்து விழ வேண்டியது சங்கத்தின் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையொப்பத்தோடு. தனி ஆளின் கணக்கில் கூடாது. நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அந்த ஆளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது: சாவி யாரிடம்? கடையின் இரகசியச் சொல், அதற்குக் கொடுத்த ஈமெயில், போன் இலக்கம் இவைதான் சாவி. நான் அறிந்த ஒரு குழு பேஸ்புக்கில் நல்லாக விற்று வந்தது. பக்கத்தை நடத்திய பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போனது. பழைய போன் இலக்கம் நின்றுபோனது. பிறகு யாராலும் உள்ளே போக முடியவில்லை. ஓடர் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதினார்கள். யாரும் களவெடுக்கவில்லை, ஆனாலும் பேர் கெட்டது. சாவி குறைந்தது மூன்று பேரிடம் இருக்கணும், சங்கத்தின் புத்தகத்திலும் எழுதி அலுமாரியில் பூட்டி வைக்கணும்.

மூன்றாவது: வீட்டு விலாசம் மாதிரி இணையத்திலும் ஒரு விலாசம் இருக்குது. அதைக் கடைக்காரரின் பேரில் பதியவிட்டால், அவரை விட்டுப் போகும்போது விலாசமும் போய்விடும். புள்ளி எல்கே என்று முடிகிற விலாசத்தை எல்கே டொமைன் பதிவகத்தில் சங்கத்தின் பேரிலேயே பதியலாம். 2010 முதல் புள்ளி இலங்கை என்று தமிழிலேயே முடிகிற விலாசமும் இருக்குது. டவுன்காரர் பதிந்து தருகிறேன் என்றால், பதிவில் யாருடைய பேர் என்று பார்த்துவிட்டுத்தான் காசு.

நான்காவது: வேண்டாம் என்றால் விட்டுப் போக முடியுமா? நமது பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இணையக் கடையிலும் சிலர் அப்படிக் கட்டிவைக்கப் பார்ப்பார்கள். சாமான் படம், விலை, வாங்கியவர் விபரம், பழைய ஓடர் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கித் தருவீர்களா என்று முதல் நாளே கேட்கணும். சரி என்றால் எழுத்தில் வாங்கணும்.

பெரிய கம்பனிதானே, எங்கே போகப் போகுது என்று சிலர் சொல்வீர்கள். ஈபே என்ற பெரிய அமெரிக்கக் கம்பனி சிறு வியாபாரிகளுக்காக மஜென்டோ கோ, புரோஸ்டோர்ஸ் என்று இரண்டு வாடகைக் கடைச் சேவை நடத்தியது. 2015 பெப்ரவரி 1ஆம் திகதி இரண்டையும் மூடிவிட்டது. அமேசனும் தன் வெப்ஸ்டோர் சேவையை 2016ல் நிறுத்தியது. விபரத்தைத் தன் கையில் வைத்திருந்தவருக்கு வேறு கடைக்கு மாறுகிற வேலை மட்டும்தான். வைத்திருக்காதவர் திரும்ப முதலிலிருந்து தொடங்கணும். அதனால் ஒவ்வொரு ஓடரையும் நாம் ஒரு கொப்பியிலும் எழுதி வருவோம். அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைக்கணும். வாங்கியவரின் விலாசமும் போன் இலக்கமும் நம்மை நம்பித் தந்தது. அதைக் காக்க 2022ல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்குது.

ஐந்தாவது கேள்வி கம்பனியிடம்: சின்னத்தைப் போட எழுத்தில் அனுமதி உண்டா? வாய்ச் சம்மதம் போதாது. துரை மாறினால் பேச்சும் மாறலாம். சின்னமும் வியாபாரக் குறியும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. எந்தெந்தச் சாமானில், எத்தனை வருஷத்துக்கு, கம்பனிக்குப் பங்கு உண்டா, மிச்சம் யாருக்கு என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கணும். தேயிலைப் பைக்கற்றில் பார்க்கிற சிங்க இலச்சினை தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. இலங்கையிலேயே பொதி செய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்கே அதைப் போட அனுமதி கொடுப்பார்கள். நமது பையிலோ தொப்பியிலோ அழகுக்காக அதைப் போட்டுவிடக் கூடாது. தேயிலையை வெளிநாட்டுக்கு விற்கவும் சபையில் பதிவு வேணும். இப்போதைக்குப் பையும் ரீசேர்ட்டும் போதும்.

ஆறாவது: ஓடரை நிறுத்தி வைக்க வழி உண்டா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்து வீதியும் ரயில் பாதையும் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில், "இப்போ அனுப்ப முடியாது, பொறுத்துக்கொள்ளுங்க" என்று கடை வாசலில் ஒரு அறிவித்தல் போட நமக்கே முடியணும். அதற்கும் டவுன்காரரைத் தேடி அலைகிற நிலை கூடாது. கொரியர் வண்டி நமது டிவிசன் வரைக்கும் வருமா, பொதியை நாமே ஹட்டனுக்குக் கொண்டு போகணுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைக்கணும்.

டவுன்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேணும். ஆனால் மேஸன் வீடு கட்டித் தந்தால் சாவியை நம்மிடம் தந்துவிட்டுத்தான் போவார். இதுவும் அப்படி இருக்கட்டும். இந்த ஆறு கேள்விக்கும் அவர் எழுத்தில் பதில் தரட்டும். கடையில் சாமான் ஏற்றுவது, விலை மாற்றுவது, ஓடர் பார்ப்பது, இவற்றை நமது பிள்ளைகள் நாலு பேருக்குப் பழக்கியும் விடணும். ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் இங்கிருந்தே ஒரு கடை நடத்தப் பழகினால், பையில் வருகிற இலாபத்தைவிட அது பெரிசு.

எனது யோசனை இதுதான். சங்கத்தின் பேரில் விலாசத்தைப் பதிவோம். கம்பனியிடம் கடிதம் வாங்குவோம். வங்கிக் கணக்கைச் சரி செய்வோம். முதல் ஆறு மாதம் பேஸ்புக்கிலும் சந்தையிலும் விற்போம். நானுஓயாவிலும் ஹட்டனிலும் ரயிலில் வந்து இறங்குகிற வெளிநாட்டவருக்கும், சிவனொளிபாதமலைப் பருவத்தில் வருகிற யாத்திரிகர்களுக்கும் நேரில் விற்போம். ஒவ்வொரு பையோடும் நமது விலாசம் அச்சடித்த சின்ன அட்டை போகட்டும். வெளிநாட்டில் இருக்கிற நமது சொந்தங்களும் அந்த விலாசத்தில் நம்மைத் தேடி வரட்டும். மாதம் நூறு ஓடர் தாண்டினால், அல்லது வெளிநாட்டு ஓடர் வரத் தொடங்கினால், அப்போ கணக்குக் கொப்பியை விரித்து வைத்து வாடகைக் கடையைப் பற்றி முடிவு செய்வோம்.

இதில் போகப்போவது நமது சீட்டுக் காசு, பெண்கள் இராத்திரி கண் முழித்துத் தைக்கிற உழைப்பு. சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் எழுந்து கேளுங்க. விளங்காமல் யாரும் கையைத் தூக்க வேண்டாம்.