ஏரிக்கரையின் மூன்று கணக்குகள்



நான் கள்ளிக்குப்பத்துக்காரன். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டு மனையும் ஷேர் ஆட்டோவும்தான் ஞாபகம் வரும். என் சின்ன வயதில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவம் பார்த்து வாழ்ந்த ஊர் அது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கு என்று தண்ணீர் தானே வழி தெரிந்து போகும்.

இந்த மண்ணுக்கு மூன்று கணக்குகள் உண்டு.

முதல் கணக்கு, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கற்பட்டு ஜாகிரில் எடுத்தது. சுமார் 2000 கிராமங்களின் விவரம் அதில் உண்டு. விளைச்சலில் தச்சருக்கு, கொல்லருக்கு, ஏரிப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்திருந்தார்கள். படித்தபோது பெருமையாக இருந்தது.

இரண்டாவது கணக்கு அந்தப் பெருமையைக் குறைத்தது. 1891-ல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இதே மாவட்டத்துப் பறையர் மக்களைப் பற்றி அரசுக்கு எழுதினார். சேற்றில் உழைத்தவர்களுக்கு, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்றார். அதன் பிறகே 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது.

மூன்றாவது கணக்கு எந்த ஆபீசிலும் இல்லை. எங்கள் கழனியில் நடவு நட்ட ஆயா ஒருவர் சொன்னது. நாங்கள் நிலத்தை மனை போட்டு விற்றுப் பல வருஷம் கழித்து அவரைப் பார்த்தேன். “நிலம் போச்சே ஆயா” என்று வருத்தப்பட்டேன். அவர் சிரித்தார்.

“நட்டதும் நாங்க, அறுத்ததும் நாங்க. வித்தப்போ மட்டும் அது ஒங்க நெலம். ஒங்களுக்குப் பணம் வந்துச்சு. எங்களுக்கு வேலை போச்சு, தம்பி.”

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவரே தெருவைக் காட்டி, “இதான் கால்வா. இங்க வீடு கட்டினா தண்ணி வந்து கதவத் தட்டும்” என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில்தான் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதைப் பார்க்க ஆயா இல்லை. அவர் சொன்னதை அன்றே நான் எழுதியும் வைக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இங்கே நிற்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். பட்டா வைத்திருந்தவரிடம் கேளுங்கள். மடை திறந்தவரிடம் கேளுங்கள். நாற்று நட்டவரிடம் கட்டாயம் கேளுங்கள். மூவரும் ஒரே கதையைச் சொல்ல மாட்டார்கள். மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்.