பருத்திக்கு முன் வந்த பனியன்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கம் நிறைவுற்ற அவையில் கணிப்பொறிக் கையேடு ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும். கையேடு என்பது உரை; உரை காண்பது நம் மரபின் தலையாய பணிகளுள் ஒன்று. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

பனியன் தொழிற்சொற்களை நம் வட்டம் திரட்டி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். கைமடித்தல், அடுக்கிக் கட்டுதல், பிசிறு வெட்டுதல், ஒன்றரை ஷிப்டு என்று கம்பெனிக்குள்ளேயே புழங்கும் சொற்கள் அவை. அவற்றைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கும்படி என் பழைய மாணவர் ஒருவர் சிறு செயலி அமைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, உட்பொதி திறவு-மதிப்புத் தரவுத்தள நிரலகம்.

பெயர் மிரட்டுகிறது, பொருள் எளிது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய பொருளைத் தருவது திறவு-மதிப்பு. நிகண்டும் அகராதியும் அதைத்தானே செய்கின்றன? தனியாக வேறொரு கணிப்பொறியை நாடாமல் செயலிக்குள்ளேயே குடியிருப்பது உட்பொதி. திண்ணைப் பள்ளி மாணவன் நிகண்டை மனப்பாடம் செய்து நெஞ்சில் வைத்திருந்தான்; சுவடியைத் தேடி அவன் ஓடவில்லை. அந்த நிகண்டு அவனுள் உட்பொதிந்திருந்தது.

தேடலுக்கு வழி, வரிசை. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்ததன் பயன் அதுவே. ஆனால் இவ்வகை நிரலகங்கள் பல நம் நெடுங்கணக்கை அறியா. எழுத்துக்கு வழங்கப்பட்ட எண்ணை மட்டுமே அறியும். 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த அட்டவணையைத் தழுவித் தமிழுக்கு எண் வழங்கியது. ஆகவே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமர்ந்தன. மெய்களுள் இறுதியாகிய னகரம், பகரத்துக்கு முன்னே ஏறிக்கொண்டது. எங்கள் தொகுப்பில் சொற்கள் இப்படி நின்றன: பஞ்சு, பட்டன், பனியன், பருத்தி.

பருத்திக்கு முன் பனியன்! நம் ஊரில் இதைக் கேட்டால் சிறுபிள்ளையும் சிரிக்கும்.

நிரலகத்தின் இயல்பான வரிசைக்குப் பதிலாக நாமே ஒரு வரிசை விதியை எழுதித் தர வழி உண்டு. எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம் என்ற பொருள்பட, நாங்கள் நம்பியிருந்த கையேட்டில் ஒரு வாக்கியம் இருந்தது. மாணவர் மாற்றினார். பருத்தி முன்னே வந்தது என்று மகிழ்ந்தோம்.

அடுத்த வாரம், எங்களுக்குச் சொற்களைச் சொல்லி உதவிய மூதாட்டி ஒருவரிடம் செயலியைக் காட்டினோம். நெடுங்காலம் கைமடித்தவர் அவர். அவர் சொன்ன சொல்லையே இட்டுத் தேடினோம். ‘இல்லை’ என்றது கருவி. “நாஞ் சொன்னது இல்லீங்களா, அம்மிணி?” என்றார். எனக்கு நாவெழவில்லை.

சொல் அழிந்துவிடவில்லை, உள்ளேயேதான் இருந்தது. பழைய வரிசையில் அடுக்கிய ஏட்டைப் புதிய வரிசை கொண்டு தேடினால், இருப்பதும் இல்லாததாகிவிடும். வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கம் தேடிவிட்டுக் கருவி திரும்பிவிடுகிறது.

பிழை எங்கே? அந்நிரலகத்தின் முந்தைய பதிப்பு, திறக்கும் போதெல்லாம் சொற்களைப் புதிதாக வரிசைப்படுத்தியது. அன்று அந்த வாக்கியம் மெய். பிந்தைய பதிப்பு, வரிசைப்படுத்தியவாறே சேமித்து வைத்தது. நிரல் மாறியது; உரை மாறவில்லை. நேற்றைய மெய் இன்றைய பொய்யாயிற்று. நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் ஒன்று. இங்கே நூலுக்கும் உரைக்குமே மாறுபாடு.

இதைச் செவ்வனே சொல்லும் கையேடுகளும் உண்டு. 2011இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட ‘லெவல்டிபி’, வரிசை விதியின் பெயரைத் தரவுத்தளத்துடன் பதிந்து வைக்கும்; பெயர் மாறினால் திறக்க மறுக்கும். அதன் கையேடு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது. ‘எல்எம்டிபி’யின் கையேடோ, ஒரே விதியை எல்லாச் செயலிகளும் எப்போதும் கையாள வேண்டும் என்று எச்சரிக்கிறது. ஒரு வாக்கியம்தான், ஒருவருடைய உழைப்பு முழுவதையும் அது காக்கிறது.

என் மாணவர் சொற்களை எல்லாம் வெளியே எடுத்துப் புதிய விதிப்படி மீண்டும் உள்ளே அடுக்கினார். பிறகு கையேட்டின் அந்த வாக்கியத்தை நீக்கி, மூன்று வாக்கியங்கள் எழுதி நிரலகத்தாருக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். “பெரிய வேலை ஒன்றுமில்லை அம்மா, வெறும் கையேடுதான்” என்றார். அந்த ‘வெறும்’ என்ற சொல்லை நான் ஒப்பவில்லை.

நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை கண்டார். பின்வந்த சிவஞான முனிவர், தனியுரை எழுதும் ஆற்றல் மிக்கவர். ஆயினும் இருந்த உரையையே எடுத்து, வேண்டுமிடத்தில் திருத்தினார். ‘புத்தம் புத்துரை’ என்று தமிழுலகம் அதனைப் போற்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது; மூன்றே ஆண்டில், 1939இல், அனுபந்தம் வெளிவந்தது. முடிந்தது என்று அவர்கள் கைகட்டி அமரவில்லை. திருத்துவது எழுதுவதற்கு இளைத்த பணியன்று.

எனவே நம் தொகுப்பின் கையேட்டுக்கு மூன்று நெறிகளை வேண்டுகிறேன். எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதல் பக்கத்திலேயே பொறிக்க வேண்டும். நிரல் மாறும் அன்றே உரையும் மாற வேண்டும். எடுத்துக்காட்டு ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்த பின்னரே அச்சிட வேண்டும்.

சென்ற மாதம் அந்த மூதாட்டியிடம் மீண்டும் சென்றோம். கைமடித்தல் என்று இட்டோம், வந்தது. அவர் சொன்ன விளக்கத்தை அவருக்கே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இப்பல்லாம் அப்படி மடிக்கறதில்லீங்க, மாத்தி எழுதிக்குங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன். அதுதான் இந்தப் பத்தாம் ஆண்டில் நான் கற்ற பாடம்.