பழைய சர்வே எண், புதிய சர்வே எண்



பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பட்டா யார் பேரில், அடங்கலில் என்ன பயிர், வில்லங்கம் உண்டா, எப்.எம்.பி. வரைபடத்தில் வரப்பு எங்கே ஓடுகிறது என்று துருவிப் பார்ப்பார்கள். தாள்கள் பல, அவற்றைக் கோத்து வைப்பது சர்வே எண். உயிரியல் பட்டதாரிகள் இணையத்தில் திறக்கும் ஜீனோம் பிரவுசரும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மனித டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி எழுத்துகளுக்கும் குரோமோசோம் வாரியாக எண் போட்டு, அந்த எண்ணுக்குக் கீழே மரபணு எது, மாற்றம் எங்கே, எந்த மக்களிடம் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது, எலிக்கும் குரங்குக்கும் அதே எழுத்துதானா என்று வரிவரியாக அடுக்கிக் காட்டுகிறது.

இதற்கு வித்திட்டதில் ஒரு மாணவருக்குப் பெரும் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜிம் கென்ட், சிதறிக் கிடந்த டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்க்கும் நிரலை ஏறக்குறைய நான்கு வாரத்தில் எழுதினார். இரவில் மணிக்கட்டுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாராம். செலிரா என்ற தனியார் நிறுவனம் முந்திக்கொண்டால் மரபணுக்கள் காப்புரிமைக்குள் போய்விடும் என்ற பதற்றம் அவருக்கு. 2000 ஜூலை 7 அன்று மனித ஜீனோமின் வரைவு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வந்தது.

தமிழகத்துக்கு நெருக்கமான மரபணு ஒன்று உண்டு: இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்திலிருந்து குமாரசாமி தங்கராஜும் பலரோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாகச் சொன்னது. இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் காட்டியது. இன்று பிரவுசரில் அந்த இடத்தைத் திறந்தால் தெற்காசியர் வரியில் அது துலக்கமாகத் தெரியும். ஐரோப்பியர் வரியில் தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் நூற்றில் நால்வருக்கும் ஆபத்தா? இங்கேதான் ஒற்றைத் தாளைப் பார்த்து முடிவு கட்டுகிறவர் ஏமாறுவார். 2018இல் ஆய்வாளர் சக்திவேல் சடையப்பனின் குழு அமெரிக்காவாழ் தெற்காசியர்களைப் பரிசோதித்தது. அந்த 25 எழுத்துகள் விடுபட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம், அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இதயம் இயல்பைவிட வலுவாகச் சுருங்குவது தெரிந்தது அந்தச் சிறு கூட்டத்திடம்தான். பட்டாவோடு வில்லங்கச் சான்றையும் வைத்துப் பார்த்த பிறகுதான் விவகாரம் விளங்கியது!

இன்னொரு சிக்கல், கிராமத்துப் பெரியவர்களுக்கு உடனே புரியும். யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு வந்தபோது பழைய சர்வே எண் ஒன்று, புதிய எண் வேறு என்றாகி எத்தனை வழக்குகள்! ஜீனோமுக்கும் மறு அளவை நடந்திருக்கிறது. 2009இல் வந்த பதிப்பு ஒன்று, 2013இல் வந்தது அடுத்தது. இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எம்ஒய்பிபிசி3 இரண்டு பதிப்பிலும் 11ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் பழையதில் அது பிடிக்கும் இடத்தின் முதல் எண் 4,73,52,957, புதியதில் 4,73,31,406. இடைவெளி 21,551 எழுத்துகள். அந்த மரபணுவின் நீளமோ அதைவிடச் சற்றுக் குறைவு. புதிய எண்ணைப் பழைய பதிப்பில் தட்டினால் மரபணுவின் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் பக்கத்து நிலத்தில் போய் நிற்க நேரும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண்களை மாற்றித் தர லிஃப்ட்ஓவர் என்ற கருவி சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் பிரவுசர் தளத்திலேயே உண்டு.

பயிருக்கும் பூச்சிக்கும் இப்படித் தளங்கள் உண்டு. 2018இல் இந்தப் பக்கத்து மக்காச்சோளத்தைப் படைப்புழு மொய்த்ததை அரங்கில் இருக்கும் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மக்காச்சோளத்தின் ஜீனோம் 2009இலேயே வெளிவந்தது. படைப்புழுவின் ஜீனோம் 2017இல். இந்திய மக்களின் தரவும் இப்போது வளர்கிறது: இண்டிஜென் திட்டத்தில் 1,029 பேர், ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேர்.

சாண்டா குரூஸ் பிரவுசருக்குக் கட்டணம் இல்லை, பதிவும் வேண்டாம். கையிலுள்ள கைபேசியிலேயே திறக்கும். இன்றிரவு திறந்து பாருங்கள். ஆய்வக நோட்டில் எண்ணைக் குறித்தால், பக்கத்திலேயே அது எந்தப் பதிப்பு என்றும் எழுதி வையுங்கள்.