பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சியா?



வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வழக்கை நடத்துவதோ அரசாங்கம். அவர் யார்? வெறும் சாட்சி!

நார்வே நாட்டு ஓஸ்லோ பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் நில்ஸ் கிறிஸ்டி 1977-இல் இதைத்தான் எடுத்துரைத்தார். பாதிக்கப்பட்டவர் இரண்டு முறை இழக்கிறார்: முதலில் குற்றவாளியிடம்; பிறகு, அவருடைய வழக்கையே அரசும் வக்கீல்களும் எடுத்துக்கொள்ளும்போது.

நம் நாட்டிலும் இதே கதைதான். ஆனால், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீசார் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கேட்டால்தானே கிடைக்கும்! இளைஞர்களே, வியாபாரிகளே! அடிபட்டவர் எந்தச் சமுதாயத்தவராயினும் காவல் நிலையத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போங்கள்!