மண்ணைத் தந்தவர் யார்?



ரோமாபுரியிலே பன்னிரண்டு பலகைச் சட்டம் என்றொரு சட்டம் இருந்தது. கி.மு. 450 அளவில் பிறந்தது. ஊருக்குள்ளே பிணத்தைப் புதைக்காதே, எரிக்காதே என்றது அது. ஆகவே, ஊர்வாயிலைக் கடந்ததும் சாலையின் இருமருங்கிலும் கல்லறைகள் எழுந்தன. பணம் படைத்தவன் இடம் வாங்கினான், கட்டினான். ஒரு சிலருக்கு மட்டும் நாடே இடம் தந்தது! பிபுலஸ் என்பவன் அத்தகையோரில் ஒருவன். நகரப் பணிகளைக் கவனித்த அதிகாரி. அவன் கல்லறை ரோமிலே இன்றும் நிற்கிறது. அதில் வெட்டப்பட்ட செய்தி என்ன? ஆட்சிமன்றத்தின் முடிவாலும் மக்களின் ஆணையாலும் இவனுக்கும் இவன் வழியினருக்கும் இவ்விடம் வழங்கப்பட்டது என்பதே! வென்ற போர் பற்றிப் பேச்சில்லை. குவித்த செல்வம் பற்றிக் குறிப்பில்லை. மக்கள் தந்த மண்ணே அவனுக்கு மணிமுடி!

நம் சீமைக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்தின் அருகே ஒரு சிறு கோயில். இராமநாதர் கோயில் என்பர் ஊரார். பள்ளிப்படை என்கிறது கல்வெட்டு! மறைந்தோர் நினைவாக எழுப்பும் கோயிலுக்கு அந்நாளில் அதுவே பெயர். மறைந்தவள் இராசராசனின் தேவி பஞ்சவன்மாதேவி. எழுப்பியவன் இராசேந்திரன். அவள் வயிற்றில் பிறந்தவனா? இல்லை, மாற்றாந்தாய்க்கு மகன் செலுத்திய நன்றி! 1010-இல் பெரிய கோயிலை நிறைவு செய்த இராசராசனின் பள்ளிப்படை எது? உடையாளூர் என்பார் உண்டு, இன்றளவும் உறுதிப்படவில்லை.

அரச குடும்பத்தார்க்கு அரசன் எழுப்பினான். ஏர் பிடித்தோர்க்கு எழுப்பியவர் யார்?

கீழவெண்மணிக்குச் செல்லுங்கள், தோழர்களே! அன்று அதுவும் தஞ்சை மாவட்டத்து ஊர். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும், குடிசையோடு எரிக்கப்பட்டனர். அவர்கள் அரசரல்லர், அமைச்சரல்லர். பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் களஞ்சியத்தை நிரப்பியவர்கள். உழைப்பாளர் இயக்கம் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது. ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் அங்கே கூடுகிறார்கள். எந்த மன்றமும் ஆணையிட்டு அழைப்பதில்லை, எவரும் பட்டயம் பொறித்து அனுப்புவதில்லை, வருகிறார்கள்!

வாழ்ந்தபோது மறுக்கப்பட்ட மண், மாண்டபின் கிடைத்தது. இது பெருமையா? பெருமைதான், நம் தலையைக் குனியவைக்கும் பெருமை! அரைப்படி நெல்லை அன்றே அளந்திருந்தால், அந்தக் கல்லுக்கு அங்கே வேலை ஏது?

கல்லறையைக் கண்டால் உயரம் எத்தனை அடி என்று கேளாதீர்கள். மண்ணைத் தந்தவர் யார் என்று கேளுங்கள். உள்ளே உறங்குவோர்க்கு உயிரோடிருக்கையில் நாம் தந்தது என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்!