திம்புக்து: ஏடுகளைக் காத்த நகரம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சஹாராப் பாலைவனத்தின் தென் விளிம்பில் திம்புக்து நகரம் உள்ளது. எட்டாத தொலைவுக்கு அதன் பெயரையே உவமையாக்கினர் ஐரோப்பியர். ஆனால் ஒரு காலத்தில் வணிகப் பாதைகள் கூடிய இடம் அது. வடக்கிலிருந்து ஒட்டகங்கள் உப்புப் பாளங்களைச் சுமந்து வந்தன. தெற்கிலிருந்து நைஜர் ஆற்றின் வழியே பொன்னும் தானியமும் வந்தன. 1324இல் ஹஜ் பயணம் மேற்கொண்ட மன்னர் மன்சா மூசா, திரும்பியபின் எழுப்பிய ஜிங்கரேபர் பள்ளிவாசல் இன்றும் மண்சுவருடன் நிற்கிறது.

உப்பு வந்த வழியிலேயே நூல்களும் வந்தன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஹசன் அல்வஸ்ஸான், ஏனைய சரக்குகளை விட நூல் வணிகத்திலேயே ஆதாயம் மிகுதி என்று குறித்துள்ளார். நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியது போல, அங்குள்ளோர் தம் சோங்காய் மொழியையும் அரபு எழுத்தில் எழுதினர்.

1591இல் மொரோக்கோப் படை நகரைக் கைப்பற்றியது. பேரறிஞர் அஹ்மத் பாபா சிறைபிடிக்கப்பட்டு மராக்கேஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தம்மிடமிருந்து 1600 நூல்கள் பறிபோயின என்றும், உறவினருள் தம்முடையதே மிகச் சிறிய நூலகம் என்றும் அவர் முறையிட்டார். 1608இல்தான் ஊர் திரும்பினார். ஏட்டை மறைத்துக் காப்பது அந்நகரின் வழக்கமானதற்கு இத்தகைய இழப்புகளே காரணம். பெட்டியிலும் மணலுக்கடியிலும் ஒளித்துவைத்த ஏடுகள் தந்தையிடமிருந்து மக்களுக்கு வந்தன.

2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது அந்தப் பழக்கமே கைகொடுத்தது. அப்துல் காதிர் ஹைதராவும் நூலகர்களும் தகரப் பெட்டிகளில் ஏடுகளை அடைத்து, வாகனங்களிலும் படகுகளிலும் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தினர். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவை தப்பின என்பது அவர்கள் கணக்கு. 2013 ஜனவரியில், பின்வாங்கிய குழுவினர் அஹ்மத் பாபா நிறுவனத்தில் ஏறத்தாழ 4000 ஏடுகளுக்குத் தீவைத்தனர். ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை: தீயிட்டோரும் மார்க்கத்தின் பெயரையே கூறினர்; அவ்வூர் ஏடுகளிலோ தஃப்சீரும் ஃபிக்ஹும் நிறைந்திருந்தன.

அதே குழுக்கள் இடித்த 14 அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தனார்களே 2015க்குள் மீண்டும் எழுப்பினர். அவர்களுக்கு அது புதிய வேலையன்று. மழை மண்சுவரைக் கரைக்கும். ஆகையால் பள்ளிவாசலுக்கு மீண்டும் மீண்டும் ஊரே கூடி மண் பூசும். கொத்தனார் குடும்பங்கள் முன்னிற்க, இளைஞர் மண் சுமப்பர், பெண்கள் நீர் கொணர்வர். கூலிக்கு ஆளமர்த்தி முடித்துவிடக்கூடிய பணிதான். ஆயினும் ஊர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

பமாகோவின் ஈரக்காற்று ஏடுகளுக்குப் பகையாயிற்று. 2025 ஆகஸ்டில் மாலி அரசு அப்பெட்டிகளைத் திம்புக்துவின் வறண்ட காற்றுக்கே திருப்பி அனுப்பத் தொடங்கியது. அச்சம் முற்றிலும் நீங்கியதனால் அன்று, பூஞ்சணம் அரிப்பதற்கு முன்பே அனுப்பவேண்டியிருந்ததனால்.